அரசு வக்கீலின் இன்னொரு கட்சிக்காரர்

அத்தியாயம் 9

டோல்கேட்டில் பஸ் நின்றதும் பப்ளிக் பிராசிக்யூட்டர் வால்டர் இறங்கினார். இறங்கியவர் உடனே நடக்கவில்லை. ஷூ கயிற்றைக் கட்டுகிறவர் போல ஓரமாகக் குனிந்து, தனக்குப் பின்னால் யார் யார் இறங்குகிறார்கள் என்று ஓரக்கண்ணால் பார்த்தார். அவர் போட்டிருந்ததோ கயிறே இல்லாத ஷூ.

பஸ்ஸுக்குள் கடைசி சீட்டில் இரண்டு பேர் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் துப்பறிபவர் வேதமாணிக்கம். சுங்க இலாகாவில் ஒன்பது வருஷம் மற்றவர்களின் பெட்டிகளைக் கிளறியவர். அது அலுத்துப்போய், ராயபுரத்தில் சொந்தமாக போர்டு மாட்டி, இப்போது மற்றவர்களின் வாழ்க்கையைக் கிளறிக்கொண்டிருக்கிறார். இன்னொருவர் அவருடைய உதவியாளர் காஜா மொய்தீன். வேதமாணிக்கத்தைவிடப் பத்து வயது மூத்தவர். துறைமுகத்தில் இருபது வருஷம் மூட்டைகளை எண்ணி எண்ணி எழுதியவர். பேச்சை மட்டும் எண்ணிப் பேசிப் பழக்கமில்லை.

"இன்னா வாத்தியாரே, இல்லாத கயித்துக்கு முடிச்சு போடறாரு? கோர்ட்லயும் இப்டித்தான் கேஸ் ஜோடிக்கிறாரா?"

"சும்மா வாங்க பாய்" என்றார் வேதமாணிக்கம். பஸ் நகர்ந்த பிறகு இருவரும் குதித்தார்கள்.

வால்டரின் வீடு வேப்பேரியில். அலுவலகம் ஹைகோர்ட் வளாகத்தில். கோர்ட் கலைந்து அரை மணி நேரம்கூட ஆகாத வியாழக்கிழமை மாலையில், கழுத்துப் பட்டையைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு, தண்டையார்பேட்டைப் பக்கம் இவருக்கு என்ன வேலை? கேள்வி சாதாரணம்தான். ஆனால் பதிலில் ஒரு மனிதனின் கழுத்து இருந்தது.

அந்த மனிதன் சிலுவைமுத்து. கொருக்குப்பேட்டையில் ஒரு தோல் கிடங்கின் வாட்ச்மேன். கிடங்கின் குமாஸ்தா இக்னேஷியஸைக் குத்திக் கொன்றதாகச் செஷன்ஸ் கோர்ட்டில் கூண்டேறி நிற்கிறான். வழக்கு முழுக்க ஒரு சாவியில் தொங்கியது. கிடங்கின் பின்வாசலுக்கு ஒரே சாவிதான், அது எப்போதும் வாட்ச்மேனிடம்தான் இருக்கும் என்று முதல் சாட்சியான மேனேஜர் செல்வநாதன் செவ்வாய்க்கிழமை சொல்லிவிட்டார். வால்டர் கேட்க, அவர் சொன்னார். சிலுவைமுத்துவுக்காகக் கோர்ட்டே நியமித்த வக்கீல் தேவகிருபை அம்மாள், வழக்குக்குப் புதியவர். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய வெள்ளிக்கிழமைவரை அவகாசம் வாங்கியிருந்தார்.

செவ்வாய்க்கிழமை மாலையே சிலுவைமுத்துவின் மனைவி அடைக்கலமேரி ராயபுரத்துக்கு வந்து அழுதாள்.

"அந்த கெவுருமென்டு வக்கீலு செத்துப்போனவரோட அண்ணங்கிட்ட தனியா வேலை ஒத்துக்கினு கீறாராம் சார். என் வூட்டுக்காரரைத் தூக்குல ஏத்தாம வுட மாட்டாராம். அவரை மாத்த சொல்லி ஜட்ஜாண்ட மனு குடுக்கணும். ஆதாரம் ஓணும்."

"உங்களுக்கு இதை யார் சொன்னது?"

"பேரு சொல்ல மாட்டேன்னு ராயப்பர் கோயில்ல மெழுகுவத்தி மேல சத்தியம் பண்ணிக்கீறேன் சார். நல்லவரு. மனு எழுதி வெச்சிட்டாரு. நான் கைநாட்டு போட்டுட்டேன்."

வேதமாணிக்கத்துக்கு நல்லவர்கள் மேல் எப்போதுமே ஒரு சந்தேகம் உண்டு. பெயர் சொல்லக் கூடாத நல்லவர் என்றால் இரட்டைச் சந்தேகம். ஆனாலும் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து வேலையை ஏற்றுக்கொண்டார். வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்குக் கோர்ட். அதற்குள் ஆதாரம் கையில் இருக்க வேண்டும்.

வால்டர் இப்போது ஒரு மாடிப்படியில் ஏறினார். மேலே 'ஃப்ளோரன்ஸ் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்' என்ற பலகை. பத்து நிமிஷத்தில் பழுப்புக் கவர் ஒன்றை அக்குளில் இடுக்கிக்கொண்டு இறங்கி, பாரிமுனை பஸ்ஸைப் பிடித்துப் போயே விட்டார்.

"புட்ச்சிடலாம் வாத்தியாரே! ரிக்‌ஷா கூப்புடவா?"

"வேண்டாம். அவர் எடுத்துட்டுப் போனது ஒரு காப்பி. இன்னொண்ணு மேல இருக்கும்."

"எப்டி சொல்ற?"

"டைப் அடிச்சுப் பொழைக்கிறவங்க கார்பன் காப்பி இல்லாம எதையும் வெளியே விட மாட்டாங்க பாய். நாளைக்கே தொலைஞ்சுபோச்சுன்னு வந்து நின்னா மறுபடியும் யார் அடிக்கிறது?"

மாடியில் பன்னிரண்டு மெஷின்கள் ஒரே நேரத்தில் தடதடத்துக்கொண்டிருந்தன. நடுவில் ஒரு மர ஸ்கேலுடன் ஃப்ளோரன்ஸ் அம்மாள். ஐம்பது வயது, கண்ணாடிக்குச் சங்கிலி, கொண்டையில் பென்சில். பரீட்சைக்குப் பணம் கட்டாதவனைப் பார்ப்பது போல இருவரையும் பார்த்தாள்.

"அட்மிஷன் முடிஞ்சிடுச்சி."

"எனக்கு இந்த வயசுல இன்னா அட்மிஷன் மேடம், ஆஸ்பத்திரில போட்டாதான் உண்டு" என்றார் காஜா மொய்தீன்.

வேதமாணிக்கம் மிகவும் வருத்தமான முகத்தோடு முன்னால் வந்தார். "இப்ப ஒருத்தர் கவர் வாங்கிட்டுப் போனாரே, அவர் சம்பந்தமா வந்திருக்கோம். பழுப்புக் கவர். நீங்க அடிச்சதுல தப்பு இருக்காம்."

அவர் சொன்னதில் 'சம்பந்தமா' என்ற வார்த்தை மட்டும்தான் உண்மை. ஆனால் அது போதுமாக இருந்தது. பன்னிரண்டு மெஷின்களும் நின்றன.

"தப்பா? என் டைப்புலயா?" ஃப்ளோரன்ஸ் அம்மாளின் குரல் உயர்ந்தது. "முப்பது வருஷமா அடிக்கிறேன். ஹார்பர் கம்பெனிங்கள்லாம் என்னைத் தேடி வருது. டோல்கேட்ல தமிழ் மெஷின் வெச்சிருக்கறது நான் ஒருத்திதான். தப்பாமே!"

சுவரில் கம்பியில் குத்தியிருந்த காகிதங்களிலிருந்து மேலாக இருந்ததை உருவி மேஜைமேல் அறைந்தாள். "காட்டுங்க. எங்க தப்பு?"

கார்பன் காப்பி. ஒரே பக்கம். 'முதல் சாட்சியிடம் கேட்க வேண்டியவை' என்று தலைப்பு. கீழே ஏழு கேள்விகள். ஒவ்வொரு கேள்விக்கும் இடப்பக்க ஓரத்தில் ஏதோ எண்.

வேதமாணிக்கம் ஓரத்தில் விரலை வைத்தார். "இதோ. 'டைரி 14', 'டைரி 9', மறுபடியும் 'டைரி 14'. இதெல்லாம் என்ன? கேள்விக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லையே. நீங்களா சேர்த்ததுதானே?"

"நானா சேக்கறதா? அந்தாளு கையெழுத்துல ஓரத்துல எழுதியிருந்திச்சி, நான் அடிச்சேன். எங்கிட்ட குடுத்தா ஈயடிச்சான் காப்பி. கமாவைக்கூட நவுத்த மாட்டேன். வேணும்னா இதையே எடுத்துக்கினு போய் அந்தாளு மூஞ்சிக்கு நேரா காட்டு. வந்துட்டாரு தப்பு கண்டுபுடிக்க!"

"மன்னிச்சிடுங்கம்மா" என்று சொல்லி வேதமாணிக்கம் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். படியிறங்கும்போது மேலே பன்னிரண்டு மெஷின்களும் மறுபடி தடதடத்தன.

கீழே டீக்கடையில் காஜா மொய்தீன் காகிதத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "டைரி 14ன்னா இன்னா? பஸ் நம்பரா?"

"போலீஸ் கேஸ் டைரி. கொலை நடந்த நாள்லேர்ந்து இன்ஸ்பெக்டர் யாரைப் பார்த்தார், என்ன கேட்டார்னு தினமும் எழுதிவைக்கிற புஸ்தகம். அது கோர்ட்டுக்கு வரும். ஆனா குற்றவாளிக் கூண்டில நிக்கிறவனும் அவன் வக்கீலும் அதைத் திறந்துகூடப் பார்க்க முடியாது. பார்க்கிறது போலீஸ், ஜட்ஜ், அரசு வக்கீல். அவ்வளவு பேர்தான்."

"அப்போ இத்த எய்தினது?"

"வால்டர்தான். இருபது வருஷப் பழக்கம் பாய். ஒரு கேள்வி எழுதினா, அதுக்கு ஆதாரம் டைரியில எந்தப் பக்கம்னு பக்கத்துலயே குறிச்சே பழக்கம். ரகசியமா எழுதும்போதும் கை கேக்கலை. வீட்டுக்குப் போய் ஓரத்தைக் கத்தரிச்சுடுவார். கார்பன் காப்பி ஒண்ணு இங்கே கம்பியில தொங்குறது அவருக்குத் தெரியாது."

காஜா மொய்தீன் யோசித்தார். "கெவுருமென்டு வக்கீலு தனியா வேலை பாக்கக் கூடாதா? என் மச்சான் வூட்டு வாடகை கேஸை ஒரு கெவுருமென்டு வக்கீலுதான் பாத்தாரு."

"வாடகை, நிலம், பாகப்பிரிவினை இதெல்லாம் அனுமதி வாங்கிட்டுச் சில பேர் பார்க்கிறதுண்டு. ஆனா சர்க்காருக்கு எதிரா எதுவும் தொடக் கூடாது. அதிலயும் தானே நடத்துற கொலைக் கேஸ்ல வெளியாள் ஒருத்தருக்காகப் பேனாவைத் திறந்தாலே உத்தியோகம் போயிடும். சர்க்கார் வேலைன்னா ஆபீஸ்லயே டைப்பிஸ்ட் இருக்கான். கையைவிட்டுக் காசு கொடுத்து டோல்கேட்டுக்கு எதுக்கு வரணும்?"

"மாட்டிக்கினாரு!" காஜா மொய்தீன் டீயை ஒரே மடக்கில் குடித்தார். "அந்தம்மா சொன்னது மெய்தான். வா, குட்த்துட்டு வந்துடலாம்."

வேதமாணிக்கம் எழுந்தார். ஆனால் முகத்தில் சந்தோஷம் இல்லை. ஆதாரம் இவ்வளவு சுலபமாகக் கிடைத்தால் அவர் அதை இன்னொரு முறை படிக்காமல் நம்புவதில்லை.

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி ஒன்று முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. சைக்கிள்களுக்கும் கை வண்டிகளுக்கும் நடுவே நின்றபடி வேதமாணிக்கம் காகிதத்தை மறுபடியும் பிரித்தார். இரண்டாம் முறை படித்தபோதுதான் அவருக்குப் பளிச்சென்று பட்டது.

"பாய், முதல் சாட்சி யார்?"

"மேனேஜரு செல்வநாதன்."

"யார் தரப்புச் சாட்சி?"

"போலீஸ் தரப்பு. வால்டரு தரப்புன்னு வெச்சிக்கோயேன்."

"வால்டர் அவரைச் செவ்வாய்க்கிழமையே கேட்டு முடிச்சாச்சு. நாளைக்கு அவர் கேக்குற முறை இல்லை. நாளைக்குச் செல்வநாதனைக் கேக்கப் போறது ஒரே ஒருத்தர்தான்."

காஜா மொய்தீனின் வாய் திறந்தது. கடைசிப் பெட்டியின் சத்தத்தையும் மீறிக் கத்தினார். "தேவகிருபை அம்மா! யோவ், இன்னாய்யா இது? பாக்ஸிங்ல எதிராளி மூலைக்குப் போயி இவரே விசிறி வீசறாரா?"

"நாலாவது கேள்வியைப் படிங்க."

காஜா மொய்தீன் எழுத்துக் கூட்டிப் படித்தார். "கொலை நடந்த அன்று மாலை ஆறு மணிக்கு, நீ உன் சாவியால் பின்வாசலைத் திறந்து உள்ளே போனதை ரயில்வே கேட்மேன் உசேன் பார்த்தார். டைரி 14."

இருவரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள். பச்சைக் கொடியைச் சுருட்டிக்கொண்டு கேட்டைத் தூக்கிக்கொண்டிருந்தவர் நரைத்த தாடிக்காரர். கேட்டுக்கு அந்தப் பக்கம் நூறு கஜத்தில் தோல் கிடங்கின் பின்வாசல் தெரிந்தது.

"அஸ்ஸலாமு அலைக்கும். உசேன் பாய் நீங்கதானா?" என்றார் காஜா மொய்தீன்.

"வ அலைக்கும் ஸலாம். ஆமா, நான்தான். இன்னா வோணும்?"

"இக்னேஷியஸ் கொலை அன்னிக்கு மேனேஜரை அந்த வாசல்ல பாத்தீங்களாமே?"

உசேன் சுற்றுமுற்றும் பார்த்தார். "பாத்தேன். இன்ஸ்பெக்டர் வந்து கேட்டாரு, சொன்னேன், எய்திகினாரு. அப்பால என்னைக் கோர்ட்டுக்கும் கூப்புடல, ஒண்ணும் கூப்புடல. போன வாரம் ஷூ போட்டுகினு ஒரு ஆளு வந்து அதையே கேட்டாரு. வாசலாண்ட போயி பூட்டைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. மேனேஜரு மாடி ஜன்னல்லேர்ந்து அதைப் பாத்துனு இருந்தாரு. அன்னிலேர்ந்து அந்த மேனேஜரு எனக்குத் தினம் சலாம் வைக்கிறாரு. முன்னாடியெல்லாம் என்னை மனுசனாவே மதிக்க மாட்டாரு."

வேதமாணிக்கம் அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை. லைன் ஓரமாக ஏறக்குறைய ஓடினார். காஜா மொய்தீன் மூச்சிரைக்கப் பின்னால் வந்தார்.

"வாத்தியாரே, ஒண்ணு கேக்கறேன். இவ்ளோ தெரிஞ்ச வால்டரு, தானே அந்த உசேன் பாயைக் கூண்டுல ஏத்த வேண்டியதுதானே? இன்னாத்துக்கு இந்தத் திருட்டு வேலை?"

"மேலே இருக்கிறவங்ககிட்ட கேட்டு முடியாதுன்னு சொல்லியிருக்கலாம். இல்லை, கேக்கவே பயந்திருக்கலாம். எனக்கென்னவோ பயம்தான்னு தோணுது. தைரியம் இருக்கிறவன் இல்லாத ஷூ கயித்தைக் கட்ட மாட்டான்."

அடைக்கலமேரியின் வீடு தெருவின் கடைசி. தெரு முனையில் ஒரு கறுப்பு அம்பாசிடர் நின்றிருந்தது. அந்தத் தெருவுக்குக் கார் வருவது கல்யாணத்துக்கும் சாவுக்கும்தான். இன்று இரண்டும் இல்லை.

அடைக்கலமேரி வாசலுக்கே ஓடி வந்தாள். "கெடச்சிதா சார்? குடுங்க, அவரு கார்ல காத்துனு கீறாரு. மனுவோட சேத்துக் குத்திடணுமாம். நாளைக்கி கோர்ட்டு ஆரம்பிக்கறப்பவே ஜட்ஜாண்ட குடுத்துட்டா கேஸை நிறுத்திட்டு வேற வக்கீலைப் போட்டுடுவாங்களாம்."

"அந்த நல்லவர் பேர் செல்வநாதன்தானே?"

அவள் சத்தியம் செய்தவள். ஆனால் முகம் சத்தியம் செய்யவில்லையே.

வேதமாணிக்கம் காகிதத்தைக் காஜா மொய்தீனிடம் கொடுத்தார். "படிங்க பாய். மெதுவா, முழுசா."

காஜா மொய்தீன் படித்தார். பின்வாசலுக்கு இரண்டு சாவி, இரண்டாவது சாவி உன் மேஜையில். மாலை ஆறு மணி. கேட்மேன் உசேன். பின்வாசல் வழியாகத் தோல் கட்டுகள் திருட்டுத்தனமாக வெளியே போவதை இக்னேஷியஸ் கண்டுபிடித்துவிட்டான், அதை முதலாளியிடம் சொல்லப் போவதாக அன்று காலை உன்னிடம் சண்டை போட்டான்.

அடைக்கலமேரி சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "ரெண்டு சாவியா? என் புள்ளைங்களுக்கு அரிசி வாங்கியாந்து குட்த்தாரே சார். கோயில்ல என் பக்கத்துல முட்டி போட்டு அழுதாரே."

"வால்டர் வந்து பூட்டைப் பார்த்த அன்னிக்கே செல்வநாதனுக்குப் பயம் வந்துடுச்சு. நாளைக்கு இந்தக் கேள்விகளை யாரும் அவர்கிட்ட கேட்டுடக் கூடாது. அதுக்குத்தான் கேஸை நிறுத்தணும், வால்டரை மாத்தணும். அதுக்கு ஆதாரம் தேட உங்களை அனுப்பினார், நீங்க என்னை அனுப்பினீங்க. நானும் மோப்பம் பிடிச்சு ஓடினேன்." வேதமாணிக்கத்துக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. "ஆனா ஒண்ணு சொல்லணும்மா. வால்டர் செஞ்சது தப்புதான். சர்க்கார் சம்பளத்தை வாங்கிட்டு எதிர்த்தரப்புக்கு எழுதிக் கொடுக்கறது நியாயமே இல்லை. இந்தக் காகிதம் வெளியே போனா அவர் வேலை போகும். அதோட உங்க வீட்டுக்காரர் தப்பிக்கிற வழியும் போகும். என்னை யாராவது சத்தியம் வாங்கிக் கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன். இதுவரைக்கும் யாரும் கேக்கலை. இது உங்க பொருள். நீங்க சொல்லுங்க."

அவள் வெகுநேரம் யோசிக்கவில்லை. காகிதத்தை வாங்கி மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் காட்டினாள். அது முழுக்கக் கருகும்வரை பார்த்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தெரு முனைக்கு நடந்தாள். வேதமாணிக்கமும் காஜா மொய்தீனும் சுவரோரமாகப் பின்னால் போய், முனை வீட்டுக் கதவு மறைவிலிருந்து கேட்டார்கள்.

"ஒண்ணும் கெடைக்கல சார். அந்தாளு துட்டு வாங்கினு ஏமாத்திட்டான்."

கார் ஜன்னலிலிருந்து செல்வநாதனின் குரல் வந்தது. "பரவாயில்லம்மா. மனு மட்டும் போதும், நானே காலையில வக்கீல்கிட்ட கொடுத்துடறேன்."

"குடுங்க சார் அத்த. காலைல மொதப் பூசையில ராயப்பர் பாதத்துல வெச்சி எடுத்தாந்து நானே ஜட்ஜு கைல குடுக்கறேன். அவரு பாதத்துல வெக்காம எந்தக் காயிதமும் எங்க வூட்லேர்ந்து கோர்ட்டுக்குப் போவாது."

அந்தக் கோயிலிலேயே அவளிடம் சத்தியம் வாங்கிய மனிதன், சாமி பாதத்தில் வைக்க வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வான்? கார் கதவு திறந்து ஒரு நீளக் கவர் அவள் கைக்கு வந்தது.

"இந்தம்மா முன்னாடி நாமெல்லாம் சொம்மா வாத்தியாரே" என்றார் காஜா மொய்தீன்.

மறுநாள் காலை பத்தரை. செல்வநாதன் சாட்சிக் கூண்டில் ஏறியதும் முதலில் அடைக்கலமேரியைத்தான் தேடினான். இனி மரியாதை எதற்கு, அவன் என்றே சொல்லலாம். அவள் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கையில் ஒன்றும் இல்லை. அவளும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தேவகிருபை அம்மாள் எழுந்து, அதே ஏழு கேள்விகளைக் கையில் எந்தக் காகிதமும் இல்லாமல் கேட்க ஆரம்பித்தார். இரண்டாவது சாவி எங்கே இருந்தது என்றார். செல்வநாதன் தெரியாது என்றான். மேஜை டிராயரில் என்றார். ஞாபகமில்லை என்றான். நாலாவது கேள்வியில் உசேன் பெயர் வந்ததும் கோர்ட்டில் சலசலப்பு. இன்ஸ்பெக்டர் நாற்காலியில் நெளிந்தார்.

செல்வநாதன் வியர்த்து வழிந்தபடி வால்டர் பக்கம் திரும்பினான். இந்த மாதிரி சமயத்தில் துள்ளி எழுந்து 'ஆட்சேபிக்கிறேன்' என்று சொல்வதுதான் அரசு வக்கீலின் வேலை. வால்டர் மேஜையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். அவர் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடுவது பின்வரிசையில் இருந்த வேதமாணிக்கத்துக்கே தெரிந்தது.

"சார்!" செல்வநாதனின் குரல் கிறீச்சிட்டது. "எழுந்திருச்சு ஏதாவது சொல்லுங்க சார்! நான் உங்க சாட்சி சார்!"

நீதிபதி கண்ணாடிக்கு மேலாக வால்டரைப் பார்த்தார். "அரசு வக்கீல் ஏதாவது சொல்ல விரும்புகிறாரா?"

வால்டர் எழுந்தார். குற்றவாளிக் கூண்டில் நின்ற சிலுவைமுத்துவை ஒரு முறை பார்த்தார். பிறகு தன் சாட்சியின் பக்கம் திரும்பினார்.

"அம்மா கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்" என்றார்.